பாட்டிலில் ஒட்டாத படம்

யாசெனோவா, போஸ்னியா
12 செப்டம்பர் 2004

அன்புள்ள ஒர்னெல்லா அக்கா,

குளிர்கிடங்கு ஓடுகிறது. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் ஆப்பிள் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கழற்றி அனுப்பிய அந்த யந்திரம் எல்லைச் சுங்கத்தில் மழையில் நனைந்து, ஒரு பக்கம் நசுங்கி, பார்க்கவே பாவமாக வந்து இறங்கியது. எங்கள் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இத்தாலியில் செத்ததை அடக்கம் பண்ண இங்கே அனுப்பிவிட்டார்களா என்று ஹாசிபா கேட்டாள். தெசாங்காதான் சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே புகுந்தாள். அவள் பாலத்துக்கு அந்தப் பக்கத்து செர்பியப் பெண். போருக்கு முன்னால் பால் தொழிற்சாலையில் குளிரூட்டும் பிரிவில் வேலை பார்த்தவள். நீ போன கோடையில் வந்தபோது உனக்குப் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, நீ இருமியதைப் பார்த்துச் சிரித்தாளே, அவளேதான். ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். இப்போது இந்த வருஷத்து ராஸ்பெரி முழுக்க அதற்குள் கல் மாதிரி உறைந்து கிடக்கிறது. தரகர்கள் வயலோரத்தில் லாரியை நிறுத்திக்கொண்டு, சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் அழுகிவிடும் என்று மிரட்டுவார்களே, இந்த வருஷம் அவர்கள் வந்தபோது நாங்கள் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். அந்த முகங்களை நீ பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் பெண்கள் சங்கத்தில் இப்போது எங்கள் பக்கத்து முஸ்லிம் பெண்களும் பாலத்துக்கு அந்தப் பக்கத்து செர்பியப் பெண்களும் ஏறக்குறையச் சமம். வேலை நேரத்தில் பேச்சு நன்றாக இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில்தான் இன்னும் இரண்டு மேசை. அதற்கும் ஒரு நாள் வரும்.

இத்தாலிக்கு வரும் ஃபிக்ரெத்தின் லாரியில் ஜாம் பாட்டில்கள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை குறைவாகப் போட்டிருக்கிறோம். நீ தின்று தீர்த்துவிடாமல் கடைக்காரர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வை. போனில் பேசினால் பாதி இத்தாலிய மொழி எனக்கு மறந்துபோகிறது, மீதிப் பாதியைப் பேச நீ விடுவதில்லை. அதனால் எழுது. உன் வீட்டு மாடி அறையில் யார் இருக்கிறார்கள் இப்போது? என் ஜன்னல் எதிரே இருந்த பேரி மரம் காய்த்ததா?

உன் அன்புத் தங்கை,
நெஸிரா

*

மல்காரோ, நோன் பள்ளத்தாக்கு
3 அக்டோபர் 2004

நெஸிரா கண்ணே,

அறுவடை நேரம், கையெல்லாம் ஆப்பிள் பிசின், கடிதத்தில் கறை இருந்தால் திட்டாதே. உன் மாடி அறையில் யாரும் இல்லை. அகதியாக வந்தவள் ஐந்து வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பினால் அறையை வாடகைக்கு விட்டுவிடுவார்களா? அங்கே வெங்காயம் காயப்போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். பேரி காய்த்தது. பறவைகள் தின்றன.

இனி பெரிய செய்தி. உட்கார்ந்துகொள்.

வடக்கு நகரங்களில் எல்லாம் கிளை வைத்திருக்கும் கடைக்காரர்கள், நம் ஆப்பிளை வாங்குகிறவர்கள், உங்கள் ஜாமைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். கொள்முதல் பார்க்கும் பெண் கரண்டியை நக்கிவிட்டு மறுபடி பாட்டிலுக்குள் விட்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. முழுவதையும் எடுத்துக்கொள்கிறார்களாம். இந்த வருஷத்துச் சரக்கு மொத்தமும். அடுத்த வருஷமும் பார்க்கலாம் என்கிறார்கள்.

லேபிளும் அவர்களே போட்டுவிட்டார்கள். மாதிரியை இதோடு வைத்திருக்கிறேன். படத்தில் இருப்பது யார் என்று பார். போன கோடையில் திரீனா ஆற்றங்கரையில் நான் எடுத்த படம்! நீ தலைமுக்காட்டை இழுத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். கொள்முதல்காரிக்கு அதைக் காட்டினேன், இது போதும் என்று சொல்லிவிட்டாள். ‘திரீனா விதவைகளின் ஜாம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் உங்கள் கதை சுருக்கமாக இருக்கிறது. செர்பியப் படை ஊரில் ஆண்களை எல்லாம் கொன்றது, நீங்கள் திரும்பி வந்தது, ராஸ்பெரி நட்டது. இரண்டு தடவை படித்தேன்.

சம்மதம் என்று உங்கள் சங்கம் ஒரு வரி எழுதி அனுப்பினால் அச்சுக்குப் போய்விடும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைக்கு வர வேண்டும் என்கிறார்கள். சீக்கிரம்.

முத்தங்கள். ஓட வேண்டும், டிராக்டர் காத்திருக்கிறது.

ஒர்னெல்லா

*

யாசெனோவா
24 அக்டோபர் 2004

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். மொத்தச் சரக்கும்! இதற்காக நீ எத்தனை படி ஏறியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

லேபிளைக் கூட்டத்தில் காட்டினேன். காட்டும் முன்னால் நான் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன். எல்லாருக்கும் காட்டி, பின்பக்கத்தில் இருப்பதை நானே மொழிபெயர்த்து வாசித்தேன். பாதியில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. வாசித்து முடித்தேன். ஹாசிபா அழ ஆரம்பித்தாள். அவளுக்கு இரண்டு மகன்கள் போனார்கள் என்பது உனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தெசாங்கா எழுந்து, ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, நாற்காலி மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். சத்தம் போடவில்லை, கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. அவளோடு வேறு சிலரும் வரவில்லை.

அக்கா, தெசாங்காவும் விதவைதான். அவள் புருஷன் அந்தப் பக்கத்துப் படையில் இருந்து செத்தவன். ‘திரீனா விதவைகள்’ என்றால் அவள் உண்டா, இல்லையா? உண்டு என்றால் பின்பக்கத்துக் கதை அவளுக்குப் பொருந்தாது. இல்லை என்றால் அவள் கிளறிய ஜாம் அவளுடையது இல்லை என்று ஆகிறது.

படத்தை மாற்றச் சொல்லேன். பழத்தின் படம் போடட்டும். மலை, ஆறு, எது வேண்டுமானாலும். ஜாம் நன்றாக இருக்கிறது என்றுதானே வாங்குகிறார்கள்?

கோபித்துக்கொள்ளாதே. பதில் எழுது.

நெஸிரா

*

மல்காரோ
9 நவம்பர் 2004

நெஸிரா,

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதியிருந்தாய். முயற்சி செய்கிறேன்.

கொள்முதல்காரியிடம் போய்ச் சொன்னேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். பிறகு என்னைக் கடைக்குள் அழைத்துப் போய் ஜாம் அடுக்கியிருந்த இடத்தைக் காட்டினாள். ஒரு சுவர் முழுக்க ஜாம், நெஸிரா. சுவிஸ் ஜாம், பிரெஞ்சு ஜாம், நம் பள்ளத்தாக்கு ஜாம். எல்லாவற்றின் மேலும் பழப்படம். “இதுக்கு நடுவுல போஸ்னியா ஜாமை எவ எடுப்பா, எதுக்கு எடுப்பா, நீங்களே சொல்லுங்க” என்றாள்.  நீயாக இருந்தால் என்ன சொல்வாய்?

நான் உங்கள் கண்ணீரை விற்கச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லச் சொன்னேன். நடந்தது உண்மைதானே? அதை மறைக்க வேண்டியவர்கள் நீங்களா? இங்கே ஜனங்கள் எல்லாவற்றையும் மறந்துகொண்டே இருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் ஒரு பாட்டில் நின்று அவர்களுக்கு ஞாபகப்படுத்தினால் என்ன கெட்டுப்போகிறது? உதவுகிறவர்களுக்கும் தாங்கள் யாருக்கு உதவுகிறோம் என்று தெரிய வேண்டாமா?

உங்கள் யந்திரத்தை அனுப்ப எங்கள் பொதுக்குழுவில் நான் என்ன பாடுபட்டேன் என்பது உனக்குத் தெரியாது. சொல்லவில்லை, ஏனென்றால் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. இரும்புக் கடைக்குப் போட்டால் காசாவது வரும் என்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒரு பெண் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள் என்பதற்காகவா ஊர் மொத்தத்தின் பிழைப்பையும் விடுவது?

யோசித்து எழுது. மாத முடிவு வரை அவர்கள் பொறுப்பார்கள்.

ஒர்னெல்லா

*

யாசெனோவா
1 டிசம்பர் 2004

மதிப்புக்குரிய ஒர்னெல்லா அவர்களுக்கு,

சங்கம் கூடி முடிவு செய்தது. அந்த லேபிளோடு எங்கள் ஜாம் போகாது. கடைக்காரர்களுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு வருந்துகிறோம்.

இதுவரை சங்கம் எழுதியது. இனி நான் எழுதுகிறேன்.

எங்கள் ஆண்களை யார் கொன்றார்கள் என்பதை நான் எங்கேயும் மறைக்கவில்லை. நீதிமன்றத்தில் ஏறி நின்று, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னவள் நான். வருஷா வருஷம் ஜூலையில் கல்லறைக்குப் போகிறோம். அங்கே என் வீட்டுக்காரர் சாபித்தின் பெயர் கல்லில் இருக்கிறது. அதைப் படிக்க வருகிறவர்கள் தலை குனிந்து வருகிறார்கள். ரொட்டியில் தடவிக்கொண்டே யாரும் படிப்பதில்லை.

உங்கள் கணவர் சில்வானோ அண்ணன் டிராக்டர் கவிழ்ந்து செத்தபோது நான் உங்கள் மாடி அறையில் இருந்தேன். ஊர்ப் பெண்கள் கேக் செய்துகொண்டு வந்தார்கள். பத்திரிகைக்காரன் ஒருவன் தோட்டத்தில் நின்று, உங்களைச் சரிவைப் பார்த்தபடி நிற்கச் சொன்னான். நீங்கள் என்ன செய்தீர்கள்? கேக்குகளை வாசலிலேயே வைத்துக் கதவைச் சாத்தினீர்கள். அந்த ஆளின் காமிராவைப் பிடுங்கப் போனீர்கள், நான்தான் தடுத்தேன். அடக்கம் முடிந்த மறுநாளே ஏணியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். இருட்டும் வரை வேலை செய்தோம். அன்றைக்குத்தான் நீங்கள் எனக்கு அக்கா ஆனீர்கள்.

உங்கள் ஆப்பிள் பெட்டிகளின் மேல் சில்வானோ அண்ணன் படத்தை ஒட்டியிருந்தால் இன்னும் நன்றாக விற்றிருக்கும். ஏன் ஒட்டவில்லை?

நெஸிரா

*

யாசெனோவா
6 பிப்ரவரி 2005

அன்புள்ள அக்கா,

பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய வாழ்த்து அட்டைக்கும் பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தால் அவரே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார்.

நான் எழுதியது தப்பு என்று சொல்ல மாட்டேன். எழுதிய விதம் கல்லெறிந்த மாதிரி இருந்தது என்பது தெரிகிறது. தபாலில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போதே திருப்பி வாங்கிவிடலாமா என்று நின்றேன்.

தெசாங்கா திரும்பி வந்துவிட்டாள். அதை உனக்குச் சொல்ல வேண்டும். உனக்குச் சொல்லாமல் அது எனக்கு முழுசாகவில்லை.

அந்தக் கடிதத்துக்கு முன்பே நான் பாலத்தைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். போருக்குப் பிறகு அந்தப் பக்கத்து வீடு ஒன்றுக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தவள் உள்ளே போய்க் காபி போட்டாள். சுவரில் அவள் புருஷன் படம், ராணுவ உடையில். அவள் அதை நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள். நான் பார்த்தேன். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. காபி வந்துவிட்டது, அதனால் உட்கார்ந்தேன்.

ரொம்ப நேரம் பனியைப் பற்றிப் பேசினோம். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

“உன் வீட்டுக்காரர் கதை பாட்டில்ல இருந்தா, என் வீட்டுக்காரன் எங்கடீன்னு எல்லாரும் கேப்பாங்க. அவன் என்ன பண்ணான், என்ன பண்ணலன்னு எனக்கே முழுசாத் தெரியாது. நான் கேக்கவும் இல்ல. அந்தக் கேள்வியோடதான் நான் தினம் தூங்கப் போறேன். அத ஜாம் கிளறுற இடத்துக்கும் தூக்கிட்டு வரச் சொல்றியா?”

அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபமும் வந்தது, அக்கா. நீ கேட்டிருக்க வேண்டியதுதானே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றாளா, இல்லை என்றாளா, எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது, குளிர்கிடங்கு யந்திரம் ஒரு மாதிரி சத்தம் போடுகிறது, எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை, வந்து பார் என்றேன்.

“சத்தமெல்லாம் ஒண்ணும் போட்டிருக்காது. என்னக் கூப்பிடறதுக்குச் சொல்ற.”

“ஆமா. கூப்பிடத்தான் சொல்றேன். வா.”

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் வந்து, நாற்காலி மேல் அப்படியே கிடந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் யந்திரத்தின் பக்கம் போனாள். ஹாசிபா அவளுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றாள். ஆனால் மத்தியானம் ஹாசிபாதான் சீஸ் அடைத்துச் சுட்ட பீட்டாவில் ஒரு துண்டை வெட்டி, தட்டோடு தெசாங்காவின் மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

ஜாம் கிடங்கிலேயே இருக்கிறது. கொஞ்சம் சந்தையில் விற்றோம், கொஞ்சம் தூஸ்லா நகரத்துக் கடைகளில். பழத்தைத் தரகனுக்குக் கொடுக்க வேண்டி வரலாம். பரவாயில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நீ நன்றாக இருக்கிறாயா? முட்டி வலி எப்படி? அதை மட்டுமாவது எழுது.

உன் நெஸிரா

*

மல்காரோ
13 மார்ச் 2005

நெஸிரா கண்ணே,

முட்டி வலிக்கிறது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

உன் டிசம்பர் கடிதத்தில் சில்வானோவைப் பற்றி எழுதியது சுட்டது. ஆனால் அதைவிடச் சுட்டது என்ன தெரியுமா? நீ என்னை ‘நீங்கள்’ என்று எழுதியது. வாசித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. அலமாரியில் வைத்தேன். பிறகு எடுத்து வாசித்தேன். மறுபடி வைத்தேன். கிளை வெட்டும் காலம் முழுக்க இதே வேலை.

அந்தக் காமிராக்காரனை நான் மறந்தே போயிருந்தேன். சத்தியமாக. நீ ஆற்றைப் பார்த்து நின்றதை நான் எடுத்தபோது, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு என்று உன்னிடம் சொன்னதும் ஞாபகம் வந்தது. அவன் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. நீ என் காமிராவைப் பிடுங்கவில்லை. என் மேல் பாசம், அதனால் திரும்பி நின்றாய். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரியில் கடைக்காரர்களிடம் போய் அந்த லேபிள் இல்லை என்று முடித்தேன். அப்படியானால் ஜாமும் இல்லை என்றார்கள். பிறகு கொள்முதல்காரி வாசல் வரை வந்து, சின்ன பாட்டிலாக, பழப்படத்தோடு, சில கிளைகளில் மட்டும் வைத்துப் பார்க்கிறேன் என்றாள். மொத்தச் சரக்கு இல்லை, அதில் ஒரு பங்குதான். நான் சரி என்றேன். அவளுக்கு அந்த ஜாம் பிடித்திருக்கிறது, அதுதான் உண்மை.

மீதிக்கு என்ன செய்வது என்று எங்கள் சங்கத்தில் வைத்தேன். நம் ஆப்பிள் வண்டிகள் போகிற கூட்டுறவுக் கடைகளுக்கெல்லாம் இதையும் ஏற்றலாம் என்றேன். வழக்கம்போல பெப்பினோ எழுந்தான். சில்வானோவின் சித்தப்பா மகன், உனக்குத் தெரியும், எதற்கும் வேண்டாம் என்பவன். “தர்மம் பண்றதுன்னா கோயில் உண்டியல் இருக்கு. வியாபாரம்னா அவங்களும் நம்மள மாதிரி உறுப்பினரா வந்து உக்காரட்டும்” என்றான். மடக்குவதாக நினைத்துத்தான் சொன்னான். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். சரி பெப்பினோ, நீயே முன்மொழிந்துவிட்டாய், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவன் வாயைத் திறந்து மூடினான். நிறைவேறிவிட்டது!

அதனால், யாசெனோவா பெண்கள் சங்கம் இனி எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். உதவி பெறுகிறவர்கள் இல்லை, உறுப்பினர். பொதுக்குழுவில் உங்களுக்கு ஒரு ஓட்டு. என் ஓட்டும் ஒன்றுதான், பெப்பினோவுக்கும் ஒன்றுதான். மே மாதம் கூட்டம். ஒருவரை அனுப்புங்கள். நீ வருவாய் என்று வெங்காயத்தை எல்லாம் மாடியிலிருந்து இறக்கிவிட்டேன்.

உன் அக்கா (நீ என்றே எழுது),
ஒர்னெல்லா

*

யாசெனோவா
10 ஏப்ரல் 2005

என் அக்கா,

தபால்காரர் கடிதத்தைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டே மேட்டில் ஏறி வந்தார். நான் களையெடுத்துக்கொண்டிருந்தேன். மண் கையோடேயே பிரித்தேன். இப்போது உன் கடிதத்திலும் கறை.

நான் வரவில்லை. சங்கத்தில் தேர்தல் வைத்தோம், தெசாங்கா ஜெயித்துவிட்டாள். அவளுக்கு ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. நான் வந்தால் உன் மேசையில் உட்கார்ந்து நீ சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவேன் என்று ஹாசிபா எல்லார் முன்னாலும் சொன்னாள். 

அவளுக்கு மாடி அறையைக் கொடு. சில குறிப்புகள். அவள் காபியைக் கசப்பாகக் குடிப்பாள், உங்கள் சின்னக் கோப்பையைப் பார்த்தால் அவமானம் என்று நினைப்பாள், பெரியதில் ஊற்று. ஏதாவது வேலை கொடு, சும்மா உட்காரச் சொன்னால் நோயாளி என்று நினைத்தீர்களா என்று கேட்பாள். இந்த ஊர்ப் பக்கத்தைத் தாண்டி அவள் எங்கேயும் போனதில்லை. பயப்படுகிறாள், ஆனால் பயப்படுவதாக யாராவது சொன்னால் கடித்துவிடுவாள். மொழிபெயர்க்க ஒரு ஆளை ஏற்பாடு செய். புருஷனைப் பற்றி அவளாகப் பேசினால் கேள். இல்லாவிட்டால் ஆப்பிளைப் பற்றிப் பேசு.

நானே வரவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நெஸிரா

*

மல்காரோ
29 மே 2005

நெஸிரா,

உன் ஆள் நேற்றுப் பேருந்து ஏறினாள். அவள் ஊர் வந்து சேர்ந்து தன் கதையைச் சொல்வதற்குள் என் கதையை எழுதிவிடுகிறேன்.

வந்த அன்றைக்கே என் தண்ணீர்க் குழாய் மோட்டாரைக் கழற்றிவிட்டாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார். இப்போது இன்னும் நன்றாக ஓடுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். எங்கள் சோளமாவுக் களியைச் சாப்பிட்டுவிட்டு, இதை எங்கள் ஊரிலும் செய்வோம், ஆனால் உப்புப் போடுவோம் என்று சொன்னாளாம். மொழிபெயர்த்த, எங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாசிடோனியாக்காரர் பாவம், வேர்த்துவிட்டார்.

அவள் வந்து இரண்டு நாளில் ஆலங்கட்டி மழை. மேல் சரிவில் மரங்களுக்கு மேல் நாங்கள் விரித்திருந்த வலைகள் கிழிந்து, காய்கள் எல்லாம் பொத்தல். பெப்பினோவின் தோட்டம் பாதி போய்விட்டது. தெசாங்கா ஏணி எடுத்துக்கொண்டு எல்லாரோடும் போய் வலையை இறக்கினாள். அவனும் அவளும் ஒருவருக்கொருவர் புரியாத மொழியில் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தார்கள்.

இனி கூட்டம். நான் ஒரு தீர்மானம் கொண்டு வந்தேன். ஒவ்வொரு உறுப்பினரும் வருஷத்துக்கு ஒரு நாள் வருமானத்தை ஒதுக்கி, யாசெனோவா சங்கத்துக்கு அனுப்புவது. உங்களுக்குத் தெரியாமல் இரண்டு மாதம் ஆள் ஆளாகப் பேசி வைத்திருந்தேன். ஆலங்கட்டி விழுந்த பிறகும் பலர் சரி என்றார்கள், அவ்வளவு நல்லவர்கள். நான் பேசி முடித்ததும் எல்லாரும் தெசாங்கா பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். நிறையக் கைகள். எதிர்ப்பவர்கள் என்றார். பெப்பினோ தூக்கினான், எதிர்பார்த்ததுதான். அவனுக்குப் பக்கத்தில் உன் தெசாங்கா. கையை நேராக, கூரையைத் தொடுகிற மாதிரி.

 அவளுக்குப் புரியவில்லையோ என்று தலைவர் மொழிபெயர்க்கச் சொன்னார். புரிகிறது என்றாள். எழுந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

“இந்தக் காசுல உங்க வலையத் தைங்க. நான் பாத்தேன், எவ்ளோ கிழிஞ்சிருக்குன்னு. எங்களுக்கு ஒண்ணு பண்ணுங்க. மூணு வருஷத்துக்கு எங்க பழத்த வாங்கறோம்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நல்லா இல்லன்னா திருப்பி அனுப்புங்க. நாங்க வேற அனுப்பறோம்.”

மொழிபெயர்ப்பு முடிந்ததும் மறுபடி ஓட்டு வேண்டும் என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். எடுத்தார்கள். நான் தோற்றேன், நெஸிரா. என் தீர்மானம் விழுந்தது. பிறகு அவளுடைய மூன்று வருஷ ஒப்பந்தத்தை ஓட்டுக்கு விட்டார்கள். எதிர்த்து ஒரு கை கூட இல்லை. பெப்பினோ இரண்டு கையையும் தூக்கினான், தலைவர் ஒன்றை இறக்கச் சொன்னார்.

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்பாய். முதலில் கன்னத்தில் அறைந்த மாதிரி. வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். எங்கள் இருவருக்கும் பொது மொழி இல்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே. அப்புறம் நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அல்லது அழுதேன். முட்டி வலியில் சரியாக ஞாபகமில்லை.

இத்தனை வருஷமாக உங்களுக்கு நான் என்னென்னவோ கொடுத்திருக்கிறேன். என்னை எதிர்த்து ஓட்டுப் போடுகிற இடத்தில் உங்களை உட்கார வைத்ததுதான் அதில் உருப்படியானது என்று இப்போது தோன்றுகிறது. இதை அவளிடம் சொல்லாதே, தலைக்கேறிவிடும்.

உன் அக்கா,
ஒர்னெல்லா

*

யாசெனோவா
12 ஜூன் 2005

அக்கா,

அவள் வந்தாள். சொன்னாள். ஊரில் பெரிய ரகளை.

அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல இவள் யார் என்று பாதிப் பேர் கொதிக்கிறார்கள். பழம் தரம் பிரிக்கிற கொட்டகைக்குக் கூரை போட்டிருக்கலாம், புது வண்டி வாங்கியிருக்கலாம் என்கிறார்கள். தப்பில்லை, கூரை ஒழுகுகிறதுதான். வேடிக்கை என்னவென்றால் அவளைத் திட்டுகிறவர்களில் அவள் பக்கத்துப் பெண்கள்தான் அதிகம். அவளுக்காகச் சண்டைக்கு நின்றது யார் தெரியுமா? ஹாசிபா. இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு கேட்டாள், “காச வாங்கிட்டா அடுத்த வருஷம் போட்டோ எடுக்க வருவாங்க. அப்ப எவ எவ போய் நிக்கிறீங்க, இப்பவே பேரக் குடுங்க.” யாரும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹாசிபா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு தெசாங்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நானும் போனேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், இடம் போதாமல் இரண்டு மேசையையும் சேர்த்துப் போட வேண்டியதாயிற்று. சாப்பிடும்போதும் சண்டை ஓயவில்லை. இப்போதும் தெசாங்காவோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் சிலர் இருக்கிறார்கள், ஆனால் வேலையில் குறையில்லை.

நீ தோற்றதைப் படித்து நான் சிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள். பிறகு வெளியே போய்ச் செடிகளுக்கு நடுவில் நின்றேன். நீ அந்தச் சுவரில் சாய்ந்து நின்றது என் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் நான் இல்லை, அவள் இருந்தாள். அது சரியாகத்தான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த மாதக் கடைசியில் பழம் சிவந்துவிடும். உன் மேல் சரிவு ஆலங்கட்டியில் போய்விட்டதால் ஜூலையில் உனக்கு வேலை குறைவு என்று தெசாங்கா சொன்னாள். அப்படியானால் வா. வரவேற்பு, பேச்சு, பூச்செண்டு ஒன்றும் கிடையாது, ஆள் பற்றாக்குறை இருக்கிறது, அதனால் கூப்பிடுகிறேன். அகலமான தொப்பி கொண்டு வா, நீளக் கைச் சட்டை கொண்டு வா, முள் கிழிக்கும். காலையில் இலையில் பனி காய்ந்ததும் தொடங்குவோம். உனக்கு ஆப்பிள் பறித்த கை, முதலில் பாதிப் பழத்தை நசுக்குவாய், எல்லாரும் சிரிப்பார்கள், பொறுத்துக்கொள். இருட்டுவதற்குள் ஆற்றில் கால் நனைக்கலாம். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே உனக்கும் பழத்தை எடைபோட்டுத்தான் கூலி. தராசுப் பக்கம் நிற்கப்போவது தெசாங்கா, அவளிடம் என் பெயரைச் சொல்லிப் பார்க்காதே, பலிக்காது.

உன் நெஸிரா